பத்துக் குற்றத்தில் ஒன்று

எமது பக்கத்து நூல் வெளியீட்டு விழாக்களில் 'நயவுரை' கட்டாயம் இருக்கும். அழைப்பிதழில் 'விமர்சன உரை' என்று போட்டிருந்தாலும் மேடையில் நடப்பது நயவுரைதான். முதற்பிரதி பெற்றவரும் எழுதியவரின் குடும்பத்தாரும் முன்னால் அமர்ந்திருக்கும்போது குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? நானும் அப்படிப் பல உரைகள் ஆற்றியவன்தான். ஆனால் இங்கே சொல்ல வந்தது, நான் கறாராக நடந்துகொண்ட ஒரு நாளைப் பற்றி.

ஒரு போயா தினத்தில் ஹட்டனில் புதிதாக எழுதுவோர் சிலர் கூடினோம். என்னிடம் படித்த தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, தன் தாயோடு வந்து சிறுகதை ஒன்றைத் தந்தாள். கொழுந்து நிறை குறைந்ததால் ஒரு பெண்ணுக்கு 'அரைப்பேர்' விழுந்த கதை. தமிழ் சிறப்புப் பட்டதாரி அல்லவா, சிவப்புப் பேனையை எடுத்தேன். 'பெரட்டு', 'காம்பரா' எல்லாவற்றையும் வட்டமிட்டேன். 'அரைப்பேர்' என்பதை வெட்டி 'அரைநாள் ஊதியம்' என்று எழுதினேன். திருத்தியதை அவளே வாசித்தாள்.

அந்தத் தாய் மெதுவாகக் கேட்டார்: "அரைப்பேரு போட்டா சம்பளம் மட்டுமா சேர் கொறையுது? நம்ம பேரே பாதியாப் போன மாதிரி இருக்கும். அது சரி, லயத்துக்குத் திரும்பி வந்து அந்தப் பொம்பள என்னா செஞ்சா? கதையில அது இல்லையே."

நன்னூல் பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. நான் பிடித்துக்கொண்டது அவற்றில் ஒன்றை, வழூஉச் சொற் புணர்த்தலை மட்டுந்தான். அதுவும் அந்தக் கதையில் குற்றமே அல்ல. உண்மையான குறை, குன்றக் கூறல். தொடக்கத்தின் வேகம் போகப்போகத் தேய்ந்து இறுதல். நன்னூல் படிக்காத அந்தத் தாய் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

1960களின் தொடக்கத்தில் நடந்த மரபுப் போராட்டத்தை வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன் நான். கதையில் பேச்சுத்தமிழ் வருவதைப் பண்டிதர்கள் எதிர்த்தார்கள், முற்போக்கு எழுத்தாளர்கள் அதற்காக வாதாடினார்கள். அதே தசாப்தத்தில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் வீரகேசரியோடு சேர்ந்து சிறுகதைப் போட்டிகள் நடத்தியது. அவற்றில் பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாயின. இவ்வளவும் தெரிந்திருந்தும் பேனை பண்டிதர் பக்கமே சாய்ந்தது. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் 'தீன்' என்று எழுதியதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். எமது கதைகளில் 'உம்மா', 'வாப்பா' என்று வருவதை யாராவது திருத்தினால் கோபப்படுவோம். அந்த நியாயம் பெரட்டுக்களத்துச் சொல்லுக்கும் உண்டல்லவா?

அடுத்த இரண்டு போயாவுக்கும் அவள் வரவில்லை. எழுத்தை விட்டுவிடுவாளோ என்று பயம் பிடித்தது. கதையைப் புதுத்தாளில் அவள் எழுதியபடியே பெயர்த்தெழுதி, அடியில் ஒரே கேள்வியோடு அனுப்பினேன்: "லயத்துக்குத் திரும்பிய பிறகு என்ன நடந்தது?" மூன்றாவது போயாவுக்கு நான்கு பக்கம் கூடுதலாக எழுதிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு பக்கம் மிகைபடக் கூறலாக இருந்தது, சொன்னேன். "அதுதான் சேர் எனக்குப் பிடிச்ச பக்கம்" என்று வாதாடினாள். பாதியை வெட்டினாள், பாதியை விடவில்லை.

நயவுரையிலும் சிவப்பு வட்டத்திலும் நான் கதையை வாசிக்கவில்லை. அந்தத் தாய் வாசித்தார். எமது கூட்டங்களில் முதலில் பேச வேண்டியவர் அவர்தான் என்று இப்போது நினைக்கிறேன்.