காலால் எரியும் விளக்கு

சைக்கிள் விளக்கை எரிக்கும் டைனமோவை முன் சக்கரத்தில் மாட்டுவதா, பின் சக்கரத்தில் மாட்டுவதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. நான் பின் சக்கரக் கட்சி. முன் ஃபோர்க்கில் மாட்டினால் வயர் ஒரு முழத்தில் முடிந்துவிடும், ஓட்டிக்கொண்டே குனிந்து கையால் தட்டிவிடலாம் என்று எதிர்க்கட்சி சொல்வதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் கிளாம்ப் தளர்ந்து டைனமோ போக்ஸ் கம்பிக்குள் சாய்ந்தால் முன் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார். பின் சக்கரத்தில் அதே விபத்து நாலைந்து கம்பிகளோடு போய்விடும். சீட்டிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் குழாயில், செயின் இல்லாத இடது பக்கத்தில் அது உட்கார வேண்டும். இருட்டத் தொடங்கியதும் சைக்கிளை நிறுத்தாமலே குதிகாலால் லிவரைத் தட்ட வேண்டும். டக்கென்று தலை டயரில் போய் ஒட்டும் அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் பின் சக்கரம் என்கிறேன் என்று யாராவது சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

சைக்கிளில் ரசிக்க வேறு எவ்வளவோ இருக்கின்றன. புரூக்ஸ் தோல் சீட்டைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் விடிந்துவிடும். ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பின் டிக்டிக் ஓசைக்கு உயிரை விடுகிறவர்களை அறிவேன். ராட் பிரேக்கில் ஒரு கம்பீரம் உண்டு. முழு செயின் கவர் போட்ட சைக்கிளில் வெள்ளை வேட்டிக்கு ஆபத்தில்லை. எல்லாம் சரிதான். ஆனால் மற்ற பாகங்கள் எல்லாம் காலின் உழைப்பைத் தூரமாக மாற்றுகின்றன; டைனமோ ஒன்றுதான் அதை வெளிச்சமாக மாற்றுகிறது. என் ஓட்டு அதற்கே.

அதை மாட்டுவதிலேயே ஒரு ஆளின் தரம் தெரிந்துவிடும். டைனமோவின் நடுக்கோட்டை மனத்துக்குள் நீட்டிப் பார்த்தால் அது நேராக ஆக்சிலில் போய் முட்ட வேண்டும். கொஞ்சம் விலகினாலும் தலை உருளாது, உரசும், டயரின் பக்கவாட்டு ரப்பர் மாவாக உதிரும், மிதி கனக்கும். எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரர் இதற்கு நூல் பிடித்துப் பார்ப்பார். ஆக்சில் நட்டில் ஒரு முனை, டைனமோ தலையின் நடுவில் ஒரு முனை. நூலும் டைனமோவின் உடம்பும் ஒரே கோட்டில் வரும்வரை கிளாம்ப்பை இறுக்க மாட்டார். பிறகு கிளாம்ப்பில் இருக்கும் கூர் ஸ்க்ரூவைத் திருகி, பெயிண்ட்டைக் கிழித்து இரும்பைத் தொடவைப்பார். ஒரு வயர்தான் விளக்குக்குப் போகிறது. திரும்பி வரும் பாதை ஃப்ரேமே. பெயிண்ட் நடுவில் நின்றால் எர்த் கிடைக்காது. புதுச் சைக்கிளின் கறுப்புப் பெயிண்ட்டில் கீறல் விழுவதைப் பார்த்துச் சொந்தக்காரருக்கு வயிறு எரியும். கடைக்காரர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார்.

அவருக்குக் காதுதான் கருவி. ஓவராயிலுக்கு வந்த சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைத் தட்டிவிட்டுப் பெடலைக் கையால் சுற்றுவார். சீரான ரீங்காரம் வந்தால் ரிம் நேர். சத்தம் ஏறி இறங்கி வந்தால் சக்கரத்தில் கோட்டம். எங்கே சத்தம் அடங்குகிறதோ அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அங்கே ஆரம்பிக்கும் ஸ்போக் சாவி. ரிம்மைத் திருப்பிப் பார்க்க மெஷின் வைத்திருந்த பெரிய கடைகள் ஊரில் உண்டு. கோட்டம் எடுக்கக் கூட்டம் நின்றது இவரிடம்தான்.

அவர் கையில் நான் பார்த்தவற்றில் உயர்ந்தது மில்லர். லூகாஸ் ரசிகர்கள் கோபிக்கக் கூடாது. இரண்டும் பர்மிங்ஹாம் சரக்கே. லூகாஸின் மணிக்கு ஈடு இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். டைனமோ என்று வரும்போது கை மில்லரைத்தான் தேடுகிறது. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். தலையை விரலால் சுழற்றினால் உள்ளே காந்தம் தடுத்துத் தடுத்து விடுவது விரலுக்குப் புரியும். ஆனால் பக்கவாட்டில் இம்மியளவும் ஆட்டம் இருக்காது. பின்னால் வந்த மலிவுப் பிரதிகளில் அந்தத் தடுப்பும் இருக்கும், ஆட்டமும் இருக்கும். ஒரு மழைக்காலம் தாண்டினால் புஷ் தேய்ந்து, ரீங்காரம் போய் அலறல் வந்துவிடும். டைனமோவின் சத்தமே எரிச்சல் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பிரதிகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களிடம் வாதாடிப் பயனில்லை, நல்ல ஒன்றை ஓட்டக் கொடுத்துவிட வேண்டும்.

வெளியே கனமாகத் தெரிவதற்கு உள்ளே இருப்பது மிகக் குறைவு. ஒரு காந்தம், அதைச் சுற்றி ஒரு செப்புச் சுருள். சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் தலை ஏறக்குறைய முப்பது சுற்றுச் சுற்றிவிடும். 6 வோல்ட், 3 வாட். முன் விளக்குக்கு 2.4, பின் விளக்குக்கு 0.6. வேகம் கூடினால் வோல்டேஜ் எகிறி பல்பு கருக வேண்டும் அல்லவா? கருகாது. வேகம் கூடக் கூட மின்சாரம் திசை மாறும் தடவைகளும் கூடுகின்றன. அந்த அலைவை அதே சுருளே எதிர்த்து மறிக்கிறது. அதனால் மின்னோட்டம் அரை ஆம்பியரை ஒட்டியே நின்றுவிடும். ரெகுலேட்டர் கிடையாது, சர்க்யூட் கிடையாது. கருவியின் குறையே அதன் காவல். இந்தக் கணக்கு குலையும் சமயமும் உண்டு: பின் பல்பு போய்விட்டால் அதன் பங்கையும் முன் பல்பு வாங்கிக்கொண்டு சீக்கிரமே அதுவும் போய்விடும். அனுபவப்பட்டவர்கள் பின் விளக்கை அடிக்கடி திரும்பிப் பார்ப்பது இதனால்தான்.

மிதி கனக்கிறது என்பது இன்னொரு பழைய புகார். உரசல், தேய்மானம் எல்லாம் சேர்த்து பத்து வாட் அளவுக்குக் காலிலிருந்து எடுத்துக்கொள்ளும், உண்மை. டயரில் காற்றுக் குறைந்திருந்தால் அதைவிட அதிகமாக எடுத்துக்கொள்ளும். காற்றடிக்கச் சோம்பல்படுகிறவர்கள் டைனமோவைக் குறை சொல்வதை நான் காதில் வாங்குவதில்லை. வேகம் குறைந்தால் வெளிச்சம் மங்குகிறது, பள்ளம் பார்த்து மெதுவாகப் போகும்போதுதான் வெளிச்சம் வேண்டியிருக்கிறது என்ற குற்றச்சாட்டு மட்டும் வலுவானது. பழைய பல்பில் அதற்குப் பதில் இல்லை. இப்போது எல்.இ.டி. வந்துவிட்டது, அதே 3 வாட்டில் பல மடங்கு வெளிச்சம் தருகிறது. உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் வைத்துவிட்டால் சிக்னலில் நின்றாலும் சில நிமிடம் அணையாது.

அப்படியென்றால் சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் டைனமோவுக்கு மாறிவிடலாமே என்பார்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் 1930களிலேயே டைனோஹப் கொண்டுவந்து 1984 வரை செய்தது. 1990களிலிருந்து ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ஷ்மிட் செய்யும் சான் ஹப்பை நண்பர் ஒருவரின் சைக்கிளில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மழையில் வழுக்காது, டயரைத் தின்னாது, சத்தமே இல்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அதை ஒரு சைக்கிளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமென்றால் சக்கரத்தையே பிரித்துக் கட்ட வேண்டும். விலையோ ஒரு நல்ல சைக்கிளின் விலை. டயரில் உரசி ஓடும் நம் புட்டி டைனமோ அப்படியில்லை. ஒரு ஸ்பேனரோடு கழன்று அடுத்த சைக்கிளுக்குப் போய்விடும். பகலில் டயரைத் தொடாமல் விலகி நிற்பதால் சல்லிக்காசு இழுவையும் கிடையாது.

இந்தக் கருவியின் அருமை தனியாக ஓட்டும்போது பாதிதான் தெரியும். கும்பகோணத்தில் இரண்டாம் ஆட்டம் விட்டு அரசலாற்றங்கரை வழியாக ஊர் திரும்பிய கூட்டத்தில் இருந்தவர்களுக்கு முழுதும் தெரியும். குழு சவாரி என்று இன்று டீஷர்ட் அடித்துக்கொண்டு செய்வதை அன்று பெயர் வைக்காமல் செய்தோம். எல்லாரிடமும் டைனமோ இருக்காது. பாதிச் சைக்கிள் வாடகை, மீதியில் பாதி டபுள்ஸ். டைனமோக்காரன் முன்னால் போவான், மற்றவர்கள் அவன் வெளிச்சத்தில் வரிசை கட்டுவோம். அவன் மிதிப்பதை நிறுத்தக் கூடாது, அதுதான் சட்டம். அவன் வேகமே எல்லார் வேகமும். படத்தைப் பற்றிய சண்டையில் கவனம் போய் அவன் தளர்ந்தால் ரோடு மங்கும்; பின்னாலிருந்து ஏச்சு பறக்கும். பதிலுக்கு அவனுக்கு இடைவேளை டீ இலவசம். வழியில் போலீஸ்காரர் கைகாட்டினால் பேசுவதும் அவன்தான், விளக்கு வைத்திருக்கிற ஒரே நியாயவான் என்பதால்.

இன்று ஞாயிறு விடியலில் திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் போகும் கூட்டங்களில் சேர்ந்து போகிறேன். நல்ல பிள்ளைகள். பஞ்சர் ஆனால் ஒருவரை விட்டு ஒருவர் போவதில்லை. ஆனால் விளக்கு விஷயத்தில் அவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. பின்னால் மாட்டும் சிவப்பு விளக்கை எல்லாரும் மின்னவிடுகிறார்கள். சாலையில் தனியாகப் போகும்போது அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். வரிசையில் பின்னால் வருகிறவனுக்கு அது கண் வலி. ஜெர்மனியில் சைக்கிள் விளக்கு மின்னுவதற்கே அனுமதி இல்லை. முன்விளக்கோ டார்ச் மாதிரி வட்டமாக அடிக்கிறது. பாதி ரோட்டுக்கு, பாதி எதிரே வருகிறவர் முகத்துக்கு. நல்ல டைனமோ விளக்கின் வெளிச்சத்துக்கு மேலே ஒரு விளிம்பு இருக்கும். அந்த விளிம்புக்கு மேல் இருட்டு, கீழே ரோடு. நம்முடைய பழைய டூம் விளக்கில் அந்த நுட்பம் கிடையாது. ஆனால் அதைக் கொஞ்சம் குனித்து மாட்டும் மரியாதை இருந்தது.

பிரெவே என்னும் நேர வரம்புள்ள நெடுந்தூரச் சவாரிகளில் டைனமோவின் அருமை இன்னும் வெளிப்படை. 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம், 600க்கு 40 மணி நேரம். ராத்திரியைத் தவிர்க்க வழியே இல்லை. விளக்கு கட்டாயம். சார்ஜ் போட்டு எரியும் விளக்குக்காரர்கள் வழியிலுள்ள கண்ட்ரோல் சாவடிக்கு வந்ததும் டீயைக் கேட்பதற்கு முன் பிளக் பாயிண்ட்டைக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். பாதி நெடுஞ்சாலையில் விளக்கை ‘லோ’வில் வைத்து, விடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே மிதிக்கிறார்கள். நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ் பிரெஸ்ட் பாரிஸ் 1200 கிலோமீட்டர், உச்ச வரம்பு 90 மணி நேரம். இந்தியர்களும் நூற்றுக்கணக்கில் போய் வருகிறார்கள். அங்கே நீண்டநாள் ஓட்டிப் பழகிய பலரின் முன் சக்கரத்தைப் பார்த்தால் ஹப் டைனமோ இருக்கும். பேட்டரியை நம்பலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு அந்தச் சக்கரங்களே பதில்.

என் உண்மையான வருத்தம் பேட்டரியோடு இல்லை. விளக்கு சைக்கிளின் உறுப்பாக இருந்த காலம் போய், கழற்றிப் பாக்கெட்டில் போடும் சாமானாகிவிட்டதே, அதுதான். ஒரு காலத்தில் கடையில் ‘ஃபுல் ஃபிட்டிங்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவோம். திரும்பி வந்தால் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், மணி, பூட்டு, டைனமோ, டூம், டூமுக்கு மஞ்சள் துணி, ஹப்பைத் துடைத்துக்கொண்டே சுற்ற ஒரு குஞ்சம் எல்லாம் ஏறியிருக்கும். இன்று ஷோரூமில் மட்கார்டு கேட்டேன். அந்தப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். ‘அதெல்லாம் ஆக்சசரீஸ் சார்’ என்றான். அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சைக்கிளில் கேரியரும் மட்கார்டும் ஸ்டாண்டும் இருக்கின்றன. அதைப் போல பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறவர் மழையில் முதுகெல்லாம் சேறோடு வீடு போகிறார், சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைக்கிறார்.

எது சைக்கிளோடு வர வேண்டும் என்பதை ஓட்டுகிறவரின் அன்றாடமே முடிவு செய்ய வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பியும் வாங்கினார்கள். காரணம் அதன் பார் கம்பி, குழந்தையை உட்காரவைக்க இடம் கிடைத்தது. சைக்கிளைப் பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த விமரிசனம் இதுதான். எடை எத்தனை கிலோ, ஃப்ரேம் என்ன கார்பன் என்று யாரும் கேட்கவில்லை; எதை ஏற்றலாம், யாரை ஏற்றலாம் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களுக்குச் சைக்கிள் செய்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. அட்லஸ் தன் சாஹிபாபாத் ஆலையை மூடியது 2020 ஜூன் 3ஆம் தேதி; அன்று உலக சைக்கிள் தினம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் செய்தியை மடித்து வைத்தேன்.

இருந்தும் புலம்பலோடு விட மனமில்லை. பழைய இரும்புக் கடைகளில் இன்னும் நல்ல டைனமோக்கள் கிடக்கின்றன. தலையைச் சுழற்றிப் பாருங்கள். ஆட்டம் இல்லையென்றால் வாங்குங்கள், துரு பொருட்டல்ல. பக்கவாட்டில் கோடு கோடாக ஓடுபாதை உள்ள டயர் போடுங்கள். பெயிண்ட்டைச் சுரண்டத் தயங்காதீர்கள். எல்.இ.டி. விளக்கை வாங்கும்போது டைனமோவில் ஓடுவதாகக் கேட்டு வாங்குங்கள். புதுச் சைக்கிள் வாங்கப் போனால் வாய் கூசாமல் ‘ஃபுல் ஃபிட்டிங்’ என்று கேளுங்கள். கடைப் பையன் சிரித்தால் சிரிக்கட்டும். ராத்திரி ஏழு மணிக்கு மழையில் வீடு திரும்ப வேண்டியவர் நீங்கள், அவனல்ல.