நட்டுவனாரின் கையும் அயலார் கண்ணும்

பரதநாட்டியத்தில் அயல்நாட்டுத் தாக்கம் என்றதும், 1928இல் ருக்மிணி தேவி ருஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்த கதையிலிருந்து தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே இரண்டாம் சரபோஜியின் தஞ்சை அரண்மனையில் பாண்டு வாத்தியம் முழங்கியிருக்கிறது. அந்த அவையில் இருந்த தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வயலினைக் கையிலெடுத்தார். 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்கு யானைத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். பாண்டு மெட்டில் அமைந்த நோட்டுஸ்வரம், பரதத்தின் முந்தைய வடிவமான சதிரில் ஆடப்பட்டது. முகவீணை இருந்த இடத்துக்குப் பின்னாளில் கிளாரினெட் வந்தது. மெட்டு எங்கிருந்து வந்தாலும் அதற்கு அடவு கோத்தவர் ஆட்டத்தைக் கற்பித்து நடத்திய நட்டுவனார்தான்.

ருக்மிணி தேவி, பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா சொன்னார்; அந்தத் தேடல் அவரைப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுசேர்த்தது. பாலேயின் பாதிப்பை ருக்மிணி தேவியின் கை கால்களில் தேடுவதைவிட மேடையில் தேடுவதே பலன் தரும். சதிரில் நட்டுவனார் ஆடுபவருக்குப் பின்னால் நின்று தாளம் தட்டுவார். ஆடுபவர் முன்னே போனால் இவரும் முன்னே போவார், பின்வாங்கினால் இவரும் பின்வாங்குவார். பாதம் விழுவதைப் பக்கத்திலிருந்தே பார்த்து நடத்திய கலை அது. ருக்மிணி தேவி வாத்தியக்காரர்களை ஓரத்தில் உட்காரவைத்தார். மேடை முழுவதும் ஆடுபவருக்குக் கிடைத்தது; ஒளியமைப்புக்கும் பலர் சேர்ந்து ஆடும் அமைப்புக்கும் இடம் பிறந்தது. 1944இல் வந்த குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகம் அந்த இடத்தில் விளைந்ததுதான். கலைக்கு இது பெரிய லாபம். அதற்கான விலையை நட்டுவனார்கள் கொடுத்தார்கள்: படைப்பாளியாக இருந்தவர் மெல்ல மெல்லப் பக்கவாத்தியக்காரராக ஆனார்.

நடனக் கலைஞர் உதயசங்கர் வந்த வழி நேர்மாறானது. சாஸ்திரிய நடனப் பயிற்சி இல்லாமலே 1923இல் லண்டனில் பாவ்லோவாவுடன் ஆடியவர், பிறகு அல்மோராவில் தம் கலை மையத்தைத் தொடங்கியபோது பரதம் கற்பிக்க கந்தப்பப் பிள்ளையை வரவழைத்துக்கொண்டார்.

சந்திரலேகாவின் கதை இன்னும் ஆழமானது. காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையின் மாணவியான அவர், பல ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்தார். 1984இல் பம்பாயில் மாக்ஸ் முல்லர் பவன் நடத்திய கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பு அவரைத் திரும்ப அழைத்துவந்தது. அங்கே ஐரோப்பிய நவீன நடனத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தும், அதன் அசைவு எதையும் அவர் கடன் வாங்கவில்லை. மறு ஆண்டே வந்த ‘அங்கிகா’வில் அரைமண்டியையும் களரியையும் யோகத்தையும் ஒன்றாக நிறுத்தி, உடம்பு எங்கிருந்து அசைகிறது என்று தேடினார். நகையும் நாயகி பாவமும் உதிர்ந்துபோயின. அயல் உறவு ஒரு படைப்பாளிக்குத் தரக்கூடிய மிகச் சிறந்த பயன் இதுதான் என்பேன்.

பாவ்லோவா சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் கந்தப்பப் பிள்ளையும் எல்லப்பப் பிள்ளையும் ஜதி கோத்த முறையைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. நட்டுவனார் குடும்பங்களில் எஞ்சியிருக்கும் ஏடுகளையும் நோட்டுப் புத்தகங்களையும் தேடிப் பதிவுசெய்யும் வேலையை ஆய்வு மாணவர்கள் இனியும் தள்ளிப்போடக் கூடாது.