இவருக்குப் பதிலாக இனி இவர்: மறைந்த நடிகரின் பாத்திரத்தை ரசிக்கும் முறை

நடித்து முடித்தவர் மறைந்தாலும் திரைப்படம் குறைவுபடாது; ஆனால் முடிவு இன்னதென்று எழுதுகிறவர்க்கே நிச்சயமாகாத தொலைக்காட்சி நாடகத்தில், கதை பாதி வழியில் இருக்கும்போது பிரதான நடிகர் ஒருவர் காலமாகிவிட்டால், அந்தப் பாத்திரத்தை என்ன செய்வது என்ற கேள்வி கலையையும் வியாபாரத்தையும் துக்கத்தையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறது. “ஆளை மாத்திட்டாங்க” என்று அலுத்துக்கொண்டு எழுந்துபோகும் நேயர், அந்த முடிச்சு எத்தனை பக்குவமாக அவிழ்க்கப்படுகிறது என்பதைக் காணும் அரிய சந்தர்ப்பத்தை இழக்கிறார். அதைக் காண்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.

2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கி, நக்கிள்ஸ் மலைச்சாரலில் உள்ள எங்கள் லக்கலப் பக்கத்துத் தமிழ் வீடுகள் வரை பேச்சாக இருந்த ‘எதிர்நீச்சல்’ நாடகத்தை உதாரணமாகக் கொள்வோம். திருச்செல்வம் இயக்கிய அந்த நாடகத்தில், வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் மூத்த அண்ணன் ஆதி குணசேகரனாக நடித்தவர், ‘கண்ணும் கண்ணும்’ என்ற படத்தை இயக்கியவரும் ஆன மாரிமுத்து. “ஏய், இந்தாம்மா” என்று அவர் இழுத்துச் சொல்லும் தோரணையில் அதிகாரமும் அசட்டுத்தனமும் சரிபாதியாகக் கலந்திருந்தபடியால், வெறுக்க வேண்டிய அந்த மனிதனை ஜனங்கள் ஒரு விசித்திரமான பிரியத்தோடு எதிர்பார்த்திருந்தார்கள். 2023 செப்டெம்பர் 8ஆம் நாள் காலை, அதே நாடகத்துக்குக் குரல் பதிவு செய்துகொண்டிருந்த வேளையில் நெஞ்சுவலி கண்டு அவர் காலமானார்.

இத்தகைய சந்தர்ப்பத்தில் ரசிகன் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது, காலியான ஸ்தானம் எவ்வளவு காலம் காலியாகவே விடப்படுகிறது என்பதே. சில வாரங்கள் குணசேகரன் இல்லாமலே கதை நகர்ந்தது. அவ்வாறு நகரும் காட்சிகளில் வசனத்தைக் காட்டிலும் முகங்களைப் பாருங்கள்: தம்பி ஞானமாக வரும் கமலேஷ் “அண்ணன்” என்று சொல்லும்போது, கதைக்குள் இருக்கும் அண்ணனும் கதைக்கு வெளியே பறிகொடுத்த சகநடிகரும் ஒரே சொல்லில் வந்து நிற்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக் கேட்டால், சாதாரணமாகத் தோன்றும் அந்தச் சொல்லின் கனம் புலப்படும். துக்கம் ஆறுமுன்னே ஒளிவிளக்கின் முன் நின்று அபிநயிக்க வேண்டியிருப்பது நடிகர்க்கு நேரும் சோதனைகளில் மிகக் கடுமையானது.

இரண்டாவது, வந்து சேர்பவர். ஒக்டோபரில் குணசேகரனாக வந்தவர், ‘குற்றப் பரம்பரை’ நாவலை எழுதிய வேல ராமமூர்த்தி. மாரிமுத்துவின் குணசேகரன் பேச்சாலே வீட்டை நிரப்பியவர். வேல ராமமூர்த்தியின் குணசேகரனோ நின்ற நிலையாலும் பார்வையாலும் அச்சம் ஊட்டுகிறவர். முன்னவரின் இழுப்பையும் வேடிக்கையையும் பிரதி செய்ய முயன்றிருந்தால் அது போலியாகவும், மறைந்தவர்க்கு அகௌரவமாகவும் முடிந்திருக்கும். பெயரை ஏற்றுக்கொண்டு பாணியை விட்டுவிட்டதே அவர் செலுத்திய மரியாதை என்பது என் அபிப்பிராயம். இதை எங்கள் ஊராருக்கு விளக்க வேண்டியதில்லை: களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரம் நீருக்குள் போன பிறகு, வேறிடத்தில் எழுந்த புதிய நகரமும் லக்கல என்ற பெயரையே தாங்குகிறது, பழையதைப் போல் இல்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தால் புதிய தெருக்களில் ஒருநாளும் குடியிருக்க முடியாது.

மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்க்கு இது இன்னும் எளிது. ரதியும் மதனும் தலைமுறை தலைமுறையாக வேறு வேறு உடல்களில் வந்து ஆடுகிறார்கள். சென்ற தலைமுறையில் ஆடியவரின் அடவைப் பெரியவர்கள் நினைவுகூர்ந்து பேசுவதும், இவ்வாண்டு ஆடுகிறவரை மனமார மெச்சுவதும் ஒன்றுக்கொன்று விரோதமாவதில்லை.

மூன்றாவது, உடனிருப்பவர். விஜய் தொலைக்காட்சியின் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ நாடகத்தில் முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசெம்பர் 9ஆம் நாள் இளவயதிலே மறைந்தபோது, அந்தப் பாத்திரத்தைக் காவ்யா அறிவுமணி ஏற்றார். தம்பதியர் பாத்திரத்தில் ஒருவர் மாறுவது அண்ணன் மாறுவதைக் காட்டிலும் கடினம். ஏனெனில் அந்நியோந்நியத்தை ஒரே நாளில் உண்டாக்க இயலாது. இங்கே புதியவரை மாத்திரம் எடைபோடாமல், கணவன் கதிராக நடித்த குமரனைக் கவனிக்க வேண்டும். அவருடைய கண்கள் எதிரே நிற்பவரை முல்லை என்று ஏற்றுக்கொண்டால் அன்றி நேயர்களின் கண்கள் ஏற்பதில்லை.

மாற்றாள் வேண்டாமென்று முடிவுசெய்தவர்களின் மேன்மையையும் அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கச் சிறுவர் நிகழ்ச்சியான ‘செசமி ஸ்ட்ரீட்’டில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசெம்பரில் காலமானார். வேறொருவரைப் போடாமலும், ஊருக்குப் போய்விட்டார் என்று பொய் சொல்லாமலும், மரணத்தைக் குழந்தைகளுக்கு உள்ளபடி சொல்வதென்று அவர்கள் தீர்மானித்தார்கள். 1983 நவம்பர் 24ஆம் நாள் ஒளிபரப்பான பகுதியில், பிக் பேர்ட் என்னும் பெரிய மஞ்சள் பறவை தான் வரைந்த படங்களை நண்பர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துவருகிறது. ஹூப்பரின் படம் மட்டும் கையில் மிஞ்ச, அவர் திரும்பி வந்ததும் கொடுப்பேன் என்கிறது. இறந்தவர் திரும்புவதில்லை என்று பெரியவர்கள் அதற்குச் சொல்ல நேர்கிறது. சொல்கிற நடிகர்களும் தம் நண்பரை இழந்தவர்களே ஆகையால், அவர்கள் குரல் தழுதழுப்பதை நடிப்பென்றும் சொல்ல முடியாது, நடிப்பில்லை என்றும் சொல்ல முடியாது.

இதற்கு மாறாக, ‘தி சொப்ரானோஸ்’ தொடரில் 2000ஆம் ஆண்டு மறைந்த நான்சி மார்ச்சண்டின் முகத்தைக் கணினியால் ஒட்டி ஒரு கடைசிக் காட்சியை உண்டாக்கினார்கள். உருவம் கிடைத்தது, உயிர் கிடைக்கவில்லை.

ஆகவே ‘இவருக்குப் பதிலாக இனி இவர்’ என்ற எழுத்துத் திரையில் தோன்றும்போது, முதல் வாரத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். மறைந்தவரின் பழைய பகுதி ஒன்றை ஒருமுறை பார்த்துவிட்டு, புதியவரின் காட்சிக்கு வாருங்கள். எதை அவர் வைத்துக்கொண்டார், எதைத் துணிந்து விட்டார் என்பது அப்போது விளங்கும். அந்த அறிவோடு பார்க்கிறவர், மறைந்த கலைஞருக்குச் செய்யவேண்டிய அஞ்சலியையும், அவர் இடத்தில் வந்து நிற்கும் தைரியசாலிக்குக் காட்டவேண்டிய நியாயத்தையும் ஒருங்கே செய்தவராவார்.