பூட்டு முதலில், பயிற்சி பிறகு

அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் அலசினார்கள். 2019இல் வெளிவந்த முடிவு அத்தொழிலையே உலுக்கியது. பொதுமக்களோடு ஒப்பிட்டால், தற்கொலையால் இறப்பது ஆண் மருத்துவர்களிடையே 2.1 மடங்கு, பெண் மருத்துவர்களிடையே 3.5 மடங்கு. இதற்கு மருந்தாக மருத்துவமனைகள் விரும்பிக் கையிலெடுப்பது மன உறுதிப் பயிற்சியும் தியான வகுப்பும்தான். அவை எவ்வளவு தூரம் உதவும்?

வட அமெரிக்காவில் லிசா மோசஸ் குழுவினர் 889 கால்நடை மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வு 2018இல் வந்தது. சரியென்று தோன்றும் சிகிச்சையைத் தர முடியாமல் போவது தங்களையோ தம் ஊழியர்களையோ கணிசமாக வதைக்கிறது என்றவர்கள் 70 சதவீதத்துக்கும் மேல். நாய்க்கு என்ன நோய் என்று தெரியும், அதைக் குணப்படுத்தவும் தெரியும். ஆனால் அறுவைச் சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும், வளர்ப்பவரிடம் அது இல்லை. பிழைத்திருக்க வேண்டிய உயிருக்கு மருத்துவரே கருணைக்கொலை ஊசி போடுகிறார். அதற்கும் மேலாக, பணத்தாசை பிடித்தவர் என்ற ஏச்சையும் கேட்கிறார். இப்படிப்பட்டவருக்கு மூச்சுப் பயிற்சி ஓர் இரவுத் தூக்கம் தரலாம். மறுநாள் அதே மேசை, அதே ஊசி.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ட்ரேசி விட் குழுவின் 2019 ஆய்வு. கருணைக்கொலைக்கென மருத்துவமனையில் வைத்திருக்கும் மருந்தால் நேர்ந்த சாவுகளை நீக்கிக் கணக்கிட்டபோது, கால்நடை மருத்துவர்களின் தற்கொலை விகிதம் பொதுமக்களுடையதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இல்லை. அவர்களுடைய துயரம் சிறியது என்று இதற்குப் பொருளில்லை. துயரம் உச்சத்தில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே ஆபத்தைப் பெருக்குகிறது. அந்த வேகம் தணியக்கூடியது. தணியும்வரை தடை ஒன்று வேண்டும். இருவர் சேர்ந்தால் மட்டுமே திறக்கும் அலமாரி அந்தத் தடையாகும். செலவு குறைவு, யாரும் தன் மனநிலையை வெளியே சொல்ல வேண்டியதுமில்லை.

பண்ணை பண்ணையாகத் தனியே வண்டியோட்டிப் போகும் மருத்துவருக்கு இது ஒத்துவராது என்பார்கள். உண்மைதான். ஆனால் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் தற்கொலையால் இறந்தவர்களில் 75 சதவீதம் பேர் நாய், பூனை பார்க்கும் மருத்துவமனைகளில் இருந்தவர்கள். அங்கே இரண்டாவது ஆள் கிடைப்பது பெரும்பாலும் கடினமல்ல.

பிரிட்டனின் ‘வெட்லைஃப்’ போல இரவும் பகலும் இயங்கும் தொலைபேசி உதவியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தொழிலின் பாரம் தெரிந்தவர் மறுமுனையில் இருப்பது பெரிய ஆறுதல். ஆனாலும் அழைக்கத் துணிந்தவரை மட்டுமே அது எட்டும்.

மருத்துவமனையின் பணமும் அக்கறையும் முதலில் மருந்து அலமாரிக்கும், மனிதர் தாங்கக்கூடிய பணிமுறைக்கும், ஏழை வளர்ப்பவருக்கான சிகிச்சை நிதிக்கும் போக வேண்டும். அதற்குப் பிறகே பயிற்சி வகுப்பு. இவற்றில் ஒன்றையும் செய்யாமல் வகுப்பு மட்டும் நடத்தும் மருத்துவமனை தன் மருத்துவர்களைக் காக்கவில்லை.