ஜூனோ வீட்டுக் கணக்கு

ஷான் ஓ'கேசியின் 'ஜூனோ அண்ட் த பேகாக்' நாடகத்தை முதலில் படித்தபோது, குறிப்பேட்டில் 'தியாகத் தாய்' என்று எழுதி மூடிவைத்துவிட்டேன். போன வாரம் மறுபடி படித்தேன். அந்தச் சொல்லை அடிக்க வேண்டியதாயிற்று.

நாடகம் 1924 மார்ச்சில் டப்ளின் அபே தியேட்டரில் அரங்கேறியது. கதை நடப்பது 1922இல், அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது. அறைக்கு அறை குடித்தனம் இருக்கும் ஒரு பழைய மாடிவீடு. பாயில் குடும்பத்துக்கு அதில் இரண்டு அறை. ஜூனோ வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். புருஷனுக்கு வேலை என்றாலே கால்வலி வந்துவிடும்; குடிக்கப் போகும்போது வலியே இருக்காது! மகள் மேரி வேலைநிறுத்தத்தில் இருக்கிறாள். மகன் ஜானிக்கு 1916 எழுச்சியில் இடுப்பில் குண்டு. பிறகு நடந்த சண்டையில் ஒரு கை போயிற்று. அவன் கொள்கை பேசுகிறான். உழைத்துச் சாப்பிடுகிறவனுக்குக் கை போனால் என்ன மிச்சம் என்கிற மாதிரி பதில் சொல்கிறாள் ஜூனோ. இதைப் பாசம் என்றுதான் முன்பு வாசித்தேன். இப்போது ஒரு கூலிக்காரியின் கணக்காகப் படுகிறது.

ஓ'கேசி அவளைத் தெய்வமாக்கவும் இல்லை. சொத்து வரப்போகிறது என்று நம்பிக் கடனுக்குச் சாமான்கள் வாங்கி, வீட்டில் பாட்டும் குடியுமாக இருக்கிறார்கள். அந்த நேரத்தில், மகனைப் பறிகொடுத்த டான்கிரட் அம்மாள் மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். ஜூனோ ஆறுதல் சொல்கிறாள். ஆனால் அந்த அம்மாள் அப்பால் போனதும், போராளிகளுக்கு வீட்டைத் திறந்துவிட்டதற்குக் கிடைத்த பலன் என்று பேசிவிடுகிறாள். பாட்டு தொடர்கிறது.

அந்தப் பையனைக் காட்டிக்கொடுத்தவன் ஜானிதான். கடைசியில் அவனையும் இழுத்துக்கொண்டுபோய்ச் சுட்டுவிடுகிறார்கள். அப்போதுதான் ஜூனோவுக்கு உறைக்கிறது: அன்றைக்கு எனக்கு ஏன் இந்த வலி வரவில்லை? டான்கிரட் அம்மாளின் பிரார்த்தனையையே இவளும் சொல்லி அழுகிறாள். அக்கம்பக்கத்தார் துக்கத்தைத் தன் துக்கமாக நினைப்பது பெண்களுக்குப் பிறவிக்குணம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஜூனோ அதைப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொள்கிறாள்.

பிறகு அவள் செய்வதுதான் முக்கியம். ஏமாற்றப்பட்டுக் கர்ப்பமாக நிற்கும் மேரியைக் கூட்டிக்கொண்டு தன் சகோதரி வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். புருஷனை விட்டுவிட்டுத்தான் குடும்பத்தைக் காப்பாற்ற முடிகிறது! காலியான அறைக்குள் குடிபோதையில் திரும்பிவரும் பாயில், நண்பனோடு உலக நிலைமை பேசிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ஒரே குறை. நாடகம் முழுக்க அந்த வீட்டுக்குள்ளேயே நடப்பதால், ஜூனோ வேலை பார்க்கும் இடம் ஒருமுறைகூட மேடைக்கு வருவதில்லை. 'தியாகத் தாய்' என்று எழுதியபோது நானும் அதைத்தானே செய்தேன்? அவள் உழைப்பைப் பார்க்கவே இல்லை.