உருவாக்கப்பட்டவளின் குரல்

டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் நடத்திய இல்லத்தில் வளர்ந்து, அங்கேயே செவிலியானவர் கோகிலா. அவரைப் பற்றி ஏமி 1939இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பு, 'ஓர் இந்தியச் செவிலியின் உருவாக்கம்'. உருவாக்கியவர் கடவுள் என்பது ஏமியின் நம்பிக்கை. ஆனால் கதை சொல்லும் குரல் ஏமியுடையது.

திருமணத்துக்கு வெளியே ஒரு பெண்ணுக்குக் கல்வியும் தொழிலும் மதிப்பும் கிடைத்தன என்பது சிறிய செய்தியல்ல. ஆயினும், கட்டிலில் கிடக்கும் நோயாளியால் எழுந்து போக முடியாது. மருந்தோடு வரும் நற்செய்தியை வேண்டாமென்று சொல்ல அவளுக்கு இடமிருந்ததா? வளர்த்த வீடே பணியிடமும் ஆனபோது, 'இன்று ஜெபிக்க மனமில்லை' என்று சொல்லச் செவிலிக்குத்தான் இடமிருந்ததா?

1931இல் விழுந்து அடிபட்டபின் ஏமியும் பெரும்பாலும் படுக்கையில்தான் வாழ்ந்தார். பிறர் கவனிப்பில் இருந்தபடியே இதை எழுதினார். கவனித்துக்கொண்ட பெண்கள் எழுதியிருந்தால், நமக்குக் கிடைத்திருப்பது வேறொரு நூல்.