நீலியின் பெயருக்குக் கீழே ஒரு சொல்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிப் பேச்சாலேயே கதை நடத்தும் ஆட்டம். 1977-இல் வந்த அதன் ‘மான்ஸ்டர் மேனுவல்’ முதற்கொண்டு, ஒவ்வோர் உயிரின் பெயருக்குக் கீழும் அதன் அறநிலை அச்சாகியிருக்கும்: நல்லது, தீயது, நடுநிலை. எதிர்ப்படும் உயிரோடு மோதுவது எவ்வளவு கடினம் என்று கணிக்க 2014 பதிப்பில் தனிக் கணக்கே உண்டு. உயிரின் தாங்குதிறன், கவசம், ஒரு சுற்றில் அது விளைவிக்கும் சேதம் எல்லாம் அதில் சேரும். அறநிலை சேராது.

சேராத ஒன்றுக்குக் கடினத்தில் பங்கில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன், திருவொற்றியூர் மொட்டைமாடியொன்றில் நீலியை ஆட்டத்துக்குள் கொண்டுவரும்வரை.

அரக்கோணம் போகும் வழியிலுள்ள திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் அவளுடைய ஊர். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள். மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைப் பேயாகத் தொடர்கிறாள், கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. அவனைக் காப்பது கையிலுள்ள வாள். ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேர் அவள் அழுகையை நம்பி, அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பென்று சொல்லி, வாளை வாங்கிவிடுகிறார்கள். அவன் சாகிறான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

முதல் ஞாயிறு ஆடியவர்கள் என் வயதுத் தோழிகள், வணிகனுக்குக் காவலாக. நீலியின் பெயருக்குக் கீழே ‘தீயது’ என்று எழுதியிருந்தேன். மூன்றே சுற்றில் அவளை முடித்துவிட்டார்கள். டீ ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு ஐந்து கல்லூரி மாணவிகள். அதே நீலி, அதே எண்கள், அந்தச் சொல் மட்டும் இல்லை. எடுத்த எடுப்பில் ஒருத்தி கேட்டாள்: “குழந்தை பேரு என்னக்கா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் மூன்று மணி நேரம் யாரும் பகடையைத் தொடவில்லை. “வாளைக் கொடுக்கச் சொன்னா அவன் சாவான். கொடுக்காதேன்னா இவள ரெண்டாவது தடவ கொன்ன மாதிரி” என்றாள் இன்னொருத்தி.

எண்கள் மாறவில்லை, கடினம் மாறிவிட்டது. ‘தீயது’ என்ற சொல் நீலியின் பலத்தைக் குறைக்கவில்லை. அவளை யார் கொன்றது என்று கேட்கும் வேலையை எங்களிடமிருந்து எடுத்துவிட்டது. அலுவலகம் முடிந்து வருகிறவளுக்கு எதையாவது அடித்து நொறுக்கினால் தேவலை என்றிருக்கும். அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த வசதிக்காக நூல் யாரைத் தருகிறது? மெடூசா, ஹார்பி, சக்யூபஸ், சூனியக் கிழவி. அழகாலோ குரலாலோ ஆணை ஏமாற்றுகிறவர்கள், இல்லையென்றால் வயதானவர்கள். மனிதப் பெண்ணின் வலிமைக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்த 1978 விதிநூலும் இதே ஆட்டத்தினுடையதுதான்.

2020-இல், ஓர்க், ட்ரோ போன்ற இனங்களை ஒட்டுமொத்தமாகத் தீயவர்களாகக் காட்டமாட்டோம் என்று பதிப்பாளர்கள் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் சொல்லை அடித்துவிட்டால் நீலி நல்லவளாகிவிடுவதில்லை. அவள் பொய் சொன்னாள், கொன்றாள், எழுபது பேர் வெந்தார்கள். அவளுக்கு வேண்டியது நற்சான்றிதழ் அல்ல, விசாரணை. அதற்கு இடம் தரும் விதி இந்த ஆட்டத்திலேயே இருந்தது. 1981 அடிப்படை விதிநூலில், எதிர்ப்படும் உயிர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இரண்டு பகடை உருட்டிப் பார்க்கலாம். பகைதான் என்று முன்கூட்டியே முடிவில்லை.

நம் மொழி மட்டும் ஒழுங்கா? நீலிக் கண்ணீர் என்றால் பொய்க் கண்ணீர். அவள் கொல்லப்பட்டது அந்தச் சொல்லில் இல்லை. நீலகேசியை எழுதிய சமணப் புலவருக்கு இதைவிடத் துணிச்சல் இருந்தது. அங்கே நீலி முனிவரை அச்சுறுத்த வந்து, அவருக்கே மாணவியாகி, பிற சமயத்தாரோடு வாதிடுகிறாள்.

திருவொற்றியூர் கோயிலில் வட்டப்பாறை அம்மன் இருக்கிறாள். ஆதிசங்கரர் சக்கரம் அமைத்து அவள் உக்கிரத்தைத் தணித்தார் என்பார்கள். அவளைத் தீயவள் என்று எந்தப் பெண்ணும் சொல்லி நான் கேட்டதில்லை. உக்கிரத்துக்கு அந்த நூலில் கட்டமே இல்லை.

மாணவிகளின் ஆட்டம் இன்னும் முடியவில்லை. வாளை வாங்கலாம் என்று இரண்டு பேர், கூடாதென்று மூன்று பேர்.